காருக்குள் ஓர் ஆச்சரியக்குறி

"நேரம் தெரியாத குடும்பத்தில பொண்ணெடுத்தா ஆயுளுக்கும் காத்துக் கிடக்கணும்" என்றார் சுலோஜனா, காரின் முன் சீட்டில் சேலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

சும்மா சொல்லவில்லை. போன மாதம் வாழைச்சேனைக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் இன்னும் பியூட்டி பார்லரில் இருக்கிறாள் என்றார்கள். குடிக்க வைத்த பிளேன்டியைக்கூடத் தொடாமல் எழும்பி வந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

இன்றைக்கு ஆரையம்பதியிலிருந்து சித்தாண்டிக்குப் பயணம். மகன் வினோஜன் கார் ஓட்டினான். பின்னால், பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கனகசிங்கம்.

கார் வாங்கி ஒரு வாரம். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த கார். டாஷ்போர்டில் எது எரிந்தாலும் வீட்டில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது.

காத்தான்குடி நெரிசலில் நின்றபோது வினோஜனின் போன் அதிர்ந்தது. பார்க்கப் போகும் பெண், டவுன் ஆஸ்பத்திரி நேர்ஸ் தக்ஷாயினியின் மெசேஜ். புரோக்கர் நம்பர் கொடுத்த நாளிலிருந்து பேசிப் பேசி, வினோஜனுக்கு இனி வேறு பெண்ணே வேண்டாம்.

"அடுத்த ட்யூட்டி நேர்ஸ் இன்னும் வரல்ல. வாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. கொஞ்சம் மெல்ல வாங்க, பிளீஸ்."

இந்த வீட்டிலும் அம்மா எழும்பி நடந்தால் எல்லாம் போச்சு.

அந்தக் காரில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த விளக்கு ஒன்றே ஒன்று. ஹேண்ட் பிரேக்கை ஒரு கிளிக் மேலே இழுத்தால் போதும். கார் பாட்டுக்கு ஓடும், ஆனால் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி எரியும்.

கல்லடிப் பாலத்துக்கு முன்னால் மெதுவாக இழுத்தான்.

"ஐயோ, லைட் எரியுது!" என்று ஓரங்கட்டினான்.

"பதறாத மனே, நானிருக்கன்" என்று கனகசிங்கம் இறங்கினார். ஆயுள் முழுக்கச் சைக்கிள் மிதித்தவர். கார் வந்த அன்றே தன்னை மெக்கானிக்காக நியமித்துக்கொண்டார்.

"என்ன லைட் அது?" என்றார் சுலோஜனா.

"ஆச்சரியக்குறி. எஞ்சின் எதையோ கண்டு ஆச்சரியப்பட்டிருக்கு."

"என்னத்தைக் கண்டு?"

"பொறு, புத்தகத்தில இருக்கும்."

புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. கனகசிங்கம் அசரவில்லை, படம் பார்த்தார்.

"இது வயித்தில பலூன் வச்ச ஆள். இது தண்ணியில மிதக்கிற பூட்டுத் திறப்பு. ஆச்சரியக்குறியத்தான் காணல்ல."

கடைசியில் கண்ணாடி கழுவும் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றி, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். வினோஜன் பிரேக்கை இறக்கினான். விளக்கு அணைந்தது.

"பாத்தியா? தண்ணித் தாகம்!"

"நல்ல நேரம் முடியப் போகுது, கெதியாப் போங்க" என்று சுலோஜனா பல்லைக் கடித்தார்.

டவுனுக்குள் பஸ் நிற்கும் ஹோல்ட்டைத் தாண்டும்போது வினோஜன் கண்டுவிட்டான். சனத்துக்குள் நெரிபட்டு, வெள்ளை யூனிபோமோடு தக்ஷாயினி! சட்டென்று அம்மாவைப் பார்த்தான். அம்மா இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்திருந்தார். அப்பாடா.

ஏறாவூரில் ஆச்சரியக்குறி மறுபடி எரிந்தது.

வினோஜன் எதையும் தொடவில்லை. சொன்ன பொய் பலித்துவிட்டதே என்று பதறினான். ஓரங்கட்டி, பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, அப்பாவோடு சேர்ந்து பொனட்டுக்குள் தலையை விட்டான். பக்கத்தால், சித்தாண்டி வழியாகப் போகும் வாழைச்சேனை பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது.

கனகசிங்கம் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். புறப்பட்டபோது விளக்கு அணைந்தது.

கோபத்தில் தொண்டை வறண்டதோ என்னவோ, சுலோஜனா அடிக்கடி குனிந்து போத்தலை எடுத்தார், வைத்தார்.

செங்கலடியில் மூன்றாம் தரம்.

"மறுகாவும் எரியுதப்பா!" வினோஜனுக்கு அழுகையே வந்தது.

"இது தண்ணி இல்ல, கண்ணூறு" என்றார் மெக்கானிக். பழத்தட்டிலிருந்த தேசிக்காயை எடுத்து முன் டயருக்கு அடியில் வைத்தார். பிரேக்கை இறக்கிக் கார் நகர, தேசிக்காய் நசிந்தது, விளக்கும் அணைந்தது. கனகசிங்கம் சித்தாண்டி முருகன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

சித்தாண்டியில் வீட்டுப் படலையடியிலேயே தக்ஷாயினி நின்றாள். பட்டுச்சேலை, தலையில் பூ, எல்லாம் சரி. காலில் மட்டும் நேர்ஸ்மாரின் வெள்ளைச் சப்பாத்து.

சுலோஜனாவின் கண் சப்பாத்தில் நின்றது. பெண்ணின் தாய்க்கு முகம் வெளிறிப் போனது.

"பிந்திப் போனம் மகள், குறை நினைக்காதீங்க. எங்கட கார்தான் பழுது" என்றார் சுலோஜனா. பிளேன்டியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நாள் பார்க்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது வினோஜன் சந்தோசத்திலும் சின்னக் கவலையோடு சொன்னான்.

"நாளைக்குக் காரைக் கராஜில காட்டணும்."

"தேசிக்காய் வச்சாச்சு, மறுகா என்ன கராஜ்?" என்றார் கனகசிங்கம்.

"கராஜும் வேணாம், தேசிக்காயும் வேணாம்" என்றார் சுலோஜனா. "உன்ர கள்ளவேலைக்கு வீட்ட போய்க் கதைக்கிறன் எண்டுதான் இருந்தன். மறுகா, போத்தலுக்குக் குனிய முதல், போட்டோவில பாத்த புள்ள ஹோல்ட்டில யூனிபோமோட நிண்டதைக் கண்டன். நோயாளிய விட்டிட்டு எனக்காக நேரத்துக்கு ஓடி வாற மருமகள் எனக்கு எதுக்கு?"

வினோஜன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

சுலோஜனா போத்தலை எடுத்து, ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"முதல் தரம் நீ இழுத்தாய். மற்ற ரெண்டு தரமும் நான்தான் இழுத்தன்."