பின் ஸ்பீக்கரின் குறை

பெரிய வட்டத்தட்டைப் போட்டால் டிவியில் படம் காட்டும் பழைய பிளேயர் ஒன்று ஒரு வீட்டில் இருந்தது. அதிலிருந்து சத்தம் போவது இரண்டே ஒயர்களில். அவற்றில் கலந்து வருவதை ஆம்ப்ளிஃபயர்தான் பிரித்து, வசனத்தை முன் ஸ்பீக்கர்களுக்கும், முதுகுக்குப் பின்னால் கேட்கவேண்டியதை மட்டும் பின் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும்.

பின் ஸ்பீக்கருக்கு அதில் குறை. "ரெண்டரை மணி நேரப் படத்துல எனக்குக் கொஞ்சம் மழை, கடைசியில நாலு காலடி. அவ்வளவுதானா அண்ணே?" என்று ஆம்ப்ளிஃபயரிடம் தினமும் புலம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தணிகைவேல் தன் மச்சானைக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தார். "கடைசியில ஹீரோயின் தனியா உக்காந்து லெட்டர் படிப்பா. அப்ப ஒரு காலடிச் சத்தம் வரும் பாரு, நீ திரும்பிப் பாக்காம இருக்கவே முடியாது மச்சான்."

நச்சரிப்புத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் அன்று எதையும் பிரிக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்தது. பின் ஸ்பீக்கர் காதல் பேசியது, சண்டை போட்டது, பாட்டும் பாடியது. கடைசியில் காலடிச் சத்தம் நாலா பக்கமும் ஒன்றாகக் கேட்டது. மச்சான் டிவியைப் பார்த்தபடியே முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி ஸ்பீக்கர் போயிடுச்சு போல" என்று தணிகைவேல் அதன் ஒயரைப் பிடுங்கினார்.

"இன்னைக்குத்தானே நான் வாய் ஓயாம பேசினேன்!" என்றது ஸ்பீக்கர்.

"பேசின. முன்னாடி ஸ்பீக்கருங்க வசனத்தையெல்லாம் நீ சொன்ன" என்றது பிளேயர். "உன் காலடியை அவங்க சொல்லிட்டாங்க."