உட்காருவதற்கென்று வாங்கிய முக்காலி

துணிக்கடைக்குப் புதிதாக வந்த முக்காலி, சேலை உடுத்தி நின்ற பொம்மையிடம் பெருமையடித்தது. "நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்க உட்காரணும்னு சட்டமே போட்டிருக்காங்க. அதுக்குத்தான் என்னை வாங்கினாங்க."

"பார்ப்போம்," என்றது பொம்மை.

ஒரு மாதமாக முக்காலி மேல் சேலைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன.

இன்று தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தார். முதலாளி அவசரமாகக் கட்டுகளை இறக்கி, நின்று நின்று கால் வீங்கிய விற்பனைப் பெண் கோமுவை அதில் உட்கார வைத்தார்.

"தினமும் உட்காருவீங்களாம்மா?"

"உட்காருவேன் சார்," என்றாள் கோமு, முதலாளியைப் பார்த்துக்கொண்டே.

ஆய்வாளர் போனதும், யாரும் சொல்லாமலே எழுந்தாள். உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, கட்டுகளைத் தானே தூக்கி வைத்தாள்.

"எப்படியோ, ஒரு ஆள் உட்கார்ந்தாச்சு," என்றது பொம்மை.

"இன்னும் ரெண்டு கட்டு வச்சிருக்கலாம்," என்றது முக்காலி. "என் முகம் வெளியே தெரியுது."