தொட்டுச் சொல்லுங்கள்

எங்கோ ஒரு மருந்து டிரே தரையில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். துணைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அவளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதப் பயிற்சி. அவள் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் அப்பா எவர்சில்வர் தட்டைப் போடுவார். அம்மா அடுக்களையிலிருந்து செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பினால் திட்டு. டாக்டர் படிப்புக்கு அவள் வாங்கிய மார்க் போதாது. காது கேளாதவர்களுக்கான ஒதுக்கீட்டில் என்றால் போதும். மூன்று பெட்ரோல் பங்க் நடத்துகிறவருக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்?

சர்ட்டிபிகேட் கொடுத்த டாக்டர், உள்ளே சோதிக்கப்போகிற டாக்டர், வாசலில் பெயர் கூப்பிடுகிற அட்டெண்டர். எல்லோரையும் அப்பா போய்ப் பார்த்துவிட்டார். வெறும் கையோடு அவர் யாரையும் பார்ப்பதில்லை.

பார்க்க முடியாமல் போனது ஒரே ஒருவரைத்தான். நேற்று திடீரென்று சென்னையிலிருந்து வந்து இறங்கிய பெண் அதிகாரி. வராந்தாவின் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டிரே விழுந்தபோது அவர் டிரேயைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்த்தார்.

அவளுக்குப் பக்கத்தில் செவ்வந்தி.

பெயர் தெரிந்தது அந்தப் பெண்ணின் தாயால். சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்று அட்டெண்டர் விரட்டினார். ஓடுவதற்கு முன்னால் அந்தத் தாய் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"இவ பேரு செவ்வந்திங்க. கூப்பிட்டா கொஞ்சம் தொட்டுச் சொல்லிடுங்கக்கா. இவளுக்குச் சுத்தமா கேக்காது."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

அம்மா மனதாரத்தான் சொன்னாள். அப்போது.

அப்புறம்தான் செவ்வந்தியின் மடியிலிருந்த பைலை எட்டிப் பார்த்தாள். மார்க் ஷீட் மேலாக இருந்தது. அவளைவிட முப்பத்தொரு மார்க் அதிகம். அந்த ஒதுக்கீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு இடம்.

அதற்குப் பிறகு அம்மா செவ்வந்தியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"மு. செவ்வந்தி!"

காது கேளாத பிள்ளைகளை வாயால்தான் கூப்பிட்டார்கள். இத்தனை வருடமாக அப்படித்தான். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் வராவிட்டால் ஆப்சென்ட். நாளைக்கே கவுன்சிலிங் என்பதால் மறுபடி வரவும் வழியில்லை.

செவ்வந்தி படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் வருகிறாளா என்று.

பெயர் காதில் விழுந்த அவள், கண்ணை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சொல்லிவிடுவாள். அம்மாவுக்குக் காது கேட்காது என்று யாரும் சர்ட்டிபிகேட் வாங்கவில்லையே. தாராளமாகச் சொல்லலாம்.

அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"மு. செவ்வந்தி! கூட வந்தவங்க யாருப்பா?"

செவ்வந்தியின் தோள் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விரலை நீட்டினால் போதும். நீட்டினால் அதிகாரியின் கண் அந்த விரலில் வந்து நிற்கும். உனக்கு எப்படிம்மா கேட்டது என்பார். அதோடு எல்லாம் சந்தி சிரித்துப் போகும். அப்பா உள்ளே போகவேண்டியதுதான்.

அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

கை லேசாக எழுந்தது. அதுவாகவே.

அம்மாவின் கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு, பயந்த பிள்ளைக்குத் தாய் தைரியம் சொல்வதுபோலத்தான் இருந்திருக்கும். வளையல் அழுந்தி வலித்தது.

மூன்றாவது முறை அட்டெண்டர் கத்தக்கூட இல்லை. காகிதத்தைப் பார்த்துப் பெயரை வாசித்தார். பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

கத்தி ஊரைக் கூட்டவேண்டும்போல இருந்தது அவளுக்கு. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அவள்.

அட்டெண்டர் பெயரைக் கூப்பிடவில்லை. இரண்டடி முன்னால் வந்து, கையை நீட்டிச் சைகை காட்டினார். காது கேளாதவர்களை எப்படிக் கூப்பிடவேண்டுமோ, அப்படி.

அவள் அசையவில்லை.

படிக்கட்டிலிருந்து பார்வையைத் திருப்பிய செவ்வந்தி, நீட்டிய கையைப் பார்த்தாள். யாரைக் காட்டுகிறது என்று பார்த்தாள். பாவம், இந்த அக்காவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அவசரமாக அவள் தோளைத் தொட்டாள். கதவைக் காட்டி, போங்க என்று கையசைத்தாள்.

அவள் எழுந்தாள். அம்மா ஏற்கெனவே கதவருகில் போய்விட்டிருந்தாள்.

செவ்வந்தி அவள் துப்பட்டா நுனியைப் பிடித்து நிறுத்தினாள். தன் வாய் நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். தன் குரலைத் தானே கேட்டிராத குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அக்கா... என் பேரு... எப்ப வரும்னு... கேட்டுச் சொல்றீங்களா?"

ஒரு சொல் விடாமல் கேட்டது.

அதிகாரி இவர்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தேகம் ஏதுமில்லை. இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, லேசாகச் சிரித்தார்.

அவள் செவ்வந்தியின் உதடுகளை உற்றுப் பார்த்தாள். இப்போதுதான் புரிந்ததுபோல, சரி என்று தலையாட்டினாள்.