பதினெட்டாவது ஞாயிறு

பதினெட்டாவது பெண்ணைப் பார்க்க இரணியலுக்குப் போன அனீஷ், இதையாவது முடித்துவிட நினைத்திருந்தான். எங்கள் தெருவின் ஜெபமும் அதுதான்.

தனியாகப் பேச விட்டதும் ஷைஜாவிடம் ஆரம்பித்தான்.

"ஒரே நாள் திரும்பத் திரும்ப வருற படம் பாத்திருக்கியளா? நம்ம ஞாயிற்றுக்கிழமையும் அப்பிடித்தான். அதே முந்திரிக்கொத்து, அதே சாயா, அதே கேள்வி."

ஷைஜா சிரித்தாள். அனீஷுக்கு உயிர் வந்தது.

"அந்தப் படத்துல எல்லாருக்கும் மறந்துபோவும். ஒராளுக்கு மட்டும் ஓர்மை இருக்கும், இல்லியா?" என்றாள்.

"ஆமா. என்னப்போல."

"இல்ல, என்னப்போல. மூணு வருசம் முன்ன, நாங்க தக்கலையில இருந்தப்ப, பொண்ணு பாக்க வந்து இதே கதைதான் சொன்னிய. எங்க அப்பாவுக்கும் ஓர்மையில்ல."

அனீஷ் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு நீங்க என்ன செய்திய?"

"அன்னைக்கும் சிரிச்சேன். பெறவுதான் வேண்டாம்னு சொன்னேன்."