மூன்றாவது மூலை

தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கிய வெயில், சித்தேரி மலை அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையில் அப்பளம் அளவுக்கு வட்டமாகக் கிடக்கிறது. முனைகளை முடிந்து வளையமாக்கிய பச்சை நைலான் கயிற்றை நிர்மலா டீச்சர் எடுக்கிறாள். மூன்று பிள்ளைகள் பிடித்து இழுத்தால் முக்கோணம், நான்கு பேர் பிடித்தால் சதுரம். அப்படித்தான் அவள் சொல்லிக்கொடுப்பாள். கோகுலும் மற்ற பிள்ளைகளும் அப்பா அம்மாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மேனகா மட்டும்தான் மிச்சம். டீச்சரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கயிறு ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கோடாகிறது. "முக்கோணம் வர்லீங்க டீச்சர்." சற்று யோசித்த குழந்தை கயிற்றின் ஒரு பக்கத்தை ஒடிந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கம்பியில் மாட்டுகிறது. "இந்தக் கம்பிதாங்க கோகுலு." முக்கோணம் விரிகிறது. "கோகுலு, கெட்டியாப் புடி" என்று கம்பியைப் பார்த்துச் சொல்கிறாள் நிர்மலா. வாசலில் மேனகாவின் அம்மா கட்டைப்பையோடு வந்து நிற்கிறாள். "பஸ்ஸு வந்திருச்சுங்க டீச்சர். இவளையும் திருப்பூருக்கே கூட்டிட்டுப் போறமுங்க." மேனகா தன் மூலையை அலுங்காமல் தரையில் வைத்துவிட்டு ஓடுகிறாள். பஸ்ஸின் சத்தம் வளைவு வளைவாக மலையிறங்கித் தேய்கிறது. அடுப்பில் சத்துமாவு வேகும் வாசனை. நிர்மலா தன் மூலையை விடவில்லை, இழுத்துப் பிடித்தபடியே நிற்கிறாள். அவள் கையிலிருந்து கோகுல் வரைக்கும் கயிறு ஒற்றைக் கோடாக நீண்டிருக்கிறது.