காட்டச் சொல்லும் உரிமை

"சீட்டைத் திருப்பு. பார்க்கணும்."

மைலோ மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். பெவர்லிக்கு எரிச்சலாக வந்தது.

ஈலி என்ற சுரங்க ஊரின் அந்தச் சின்னச் சூதாட்ட விடுதியில் புதன்கிழமைப் போக்கர் போட்டிக்குச் சீட்டுப் போடுபவள் அவள்தான். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவளும் அவள்தான். தகராறு என்றாலே அது மைலோதான்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது ஹார்லன். மைலோவும் தோற்றான், ஜூலியனும் தோற்றான். ஜூலியன் தன் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டான். அதோடு விடுவதுதான் மரியாதை.

"தோத்தவன் சீட்டுல என்னய்யா பார்க்கப் போற?" என்றான் ஜூலியன். ஊரில் மதுக்கடை வைத்திருப்பவன்.

"நீ பந்தயத்தை ஏத்தின. நான் ஈடு கட்டினேன். கட்டினவனுக்குக் காட்டணும், சட்டத்துல இருக்கு. மூடி மூடி வைக்கிறதெல்லாம் முதலாளி புத்தி."

பெவர்லி திருப்பிக் காட்டினாள். உதவாத சீட்டு. ஜூலியனின் காது சிவந்தது.

"தோத்தா மட்டும் உரிமை கேப்பான். ஜெயிச்சா வாயே திறக்க மாட்டான், கவனிச்சீங்களா?"

"ஏன் திறக்கணும்?" மைலோ சட்டைப் பையிலிருந்த சட்டப் புத்தகத்தைத் தட்டினான். "தோத்தவன் கேட்டா, காட்டின சீட்டு செத்த சீட்டு. ஜெயிச்சவனே கேட்டா அதுக்கு உயிர் வந்துடும். பெரிய சீட்டா இருந்துட்டா பந்தயக் குவியல் அந்தப் பக்கம் போயிடும். எனக்கென்ன பைத்தியமா?"

தாமிரச் சுரங்கத்தில் முப்பது வயதிலேயே சங்கம் கட்டியவன். சுரங்கமும் போனது, சங்கமும் போனது. அவன் கையில் மிஞ்சியது இந்தச் சட்டப் புத்தகம்தான்.

"பிரசங்கம் முடிஞ்சுதா?" என்றான் ஹார்லன். வேலைநிறுத்தத்தின்போது மைலோவை வேலையை விட்டுத் தூக்கிய சுரங்க ஃபோர்மேன். "என் இஸ்பேட் ஆறு ஜெயிச்சுக் குடுத்திருக்கு. குவியலைத் தள்ளு இங்க."

"அது கிளாவர்யா. கறுப்பா இருந்தா எல்லாம் இஸ்பேட் ஆயிடுமா? எங்க கூலியையும் இந்தக் கண்ணை வச்சுத்தானே எழுதின?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இங்க லைட்டு சரியில்ல."

சாப்பாட்டு இடைவேளையில் மைலோ யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டு, கடைசி நிமிஷத்தில் வந்து உட்கார்ந்தான். கோபித்துக்கொண்டு போனான் என்று பெவர்லி நினைத்தாள்.

சாயங்காலம் மேஜையில் மிஞ்சியது இரண்டே பேர். மைலோவும் ஹார்லனும். ஜெயிப்பவன் ரெனோவில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மைலோ அதற்காகத்தான் ஒரு புதன்கூட விடாமல் வந்துகொண்டிருந்தான். ஒரு தடவையும் வாய்த்ததில்லை.

பெவர்லி மேஜையில் ஐந்து சீட்டையும் விரித்தாள். ஒரு ராஜா, ஒரு ராணி; மற்ற மூன்றும் கிளாவர். ஹார்லன் தன் இரண்டு சீட்டையும் மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தான். தன் பந்தய வில்லைகளில் முக்கால்வாசியை முன்னே தள்ளினான்.

மைலோ ஈடு கட்டினான். பொறுமையில்லாமல் தன் சீட்டை முதலில் விரித்தும் விட்டான். மேஜையில் இருந்ததோடு சேர்த்து மூன்று ராஜா.

ஹார்லனின் முகம் தொங்கிப்போனது. "என்கிட்ட ராணி ஜோடிதான்" என்று சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினான்.

பெவர்லி குவியலை மைலோ பக்கம் நகர்த்தக் கை வைத்தாள்.

"இரு. அவன் சீட்டைத் திருப்பு."

"யோவ், அதான் ஜெயிச்சிட்டியே" என்றான் ஜூலியன். ஆட்டத்தில் அவுட்டாகி, கையில் பீரோடு நின்றுகொண்டிருந்தான். "கிழவன் மானத்தை வேற வாங்கணுமா?"

பெவர்லி தணிந்த குரலில் சொன்னாள்: "மைலோ, ஜெயிச்சவன் நீ. நீயே கேட்டா அந்தச் சீட்டுக்கு உயிர் வந்துடும். பேசாம ரெனோவுக்குப் பெட்டி கட்டு."

"சட்டத்தை எனக்கே சொல்லித் தரியா? கட்டியிருக்கேன். காட்டு."

மறுக்க அவளுக்கு அதிகாரமில்லை. திருப்பினாள்.

கிளாவர் ராணி. கிளாவர் ஆறு.

மேஜையில் இருந்த மூன்றோடு ஐந்தும் கிளாவர். மூன்று ராஜாவும் அதற்குக் கீழேதான்.

ஜூலியன் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கு வழியாக வந்தது. பெவர்லி குவியலை ஹார்லன் பக்கம் தள்ளினாள். மைலோவிடம் மிஞ்சிய வில்லைகள் அடுத்த ஆட்டத்திலேயே போயின.

"வாயாலதான் வேலையை விட்டான். அதே வாயால ரெனோவையும் விட்டான்" என்று ஹார்லன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஜூலியன் தோளில் கை போட்டுக்கொண்டு பாருக்குப் போனான்.

பெவர்லி சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மைலோ கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அடுத்தவன் சீட்டை நோண்டினா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

மைலோ கோட்டுப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தான். மருந்துக்கடை விலைச்சீட்டு அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை ஹார்லன்கிட்ட குடு. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு சொல்லு. நான் வாங்கினதுன்னு தெரிஞ்சா போட மாட்டான். ரெனோவுலயும் கிளாவரை இஸ்பேட்னு தூக்கிப் போட்டுட்டு வருவான்."

பெவர்லி கண்ணாடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"மத்தியானம் இதுக்குத்தான் போனியா? அப்போ தெரிஞ்சேதான் திருப்பச் சொன்னியா? உன் மனசுல என்னதான்யா இருந்துச்சு? உள்ளதைக் காட்டு."

மைலோ கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டான்.

"கட்டினவனுக்குத்தான் காட்டணும், சட்டத்துல இருக்கு. நீ ஒண்ணும் கட்டலையே."