சனிக்கிழமை கேமரா

"கேமரா மறுபடியும் போயிடுச்சும்மா. சனிக்கிழமை ஆனாப் போதும், படமே வர்றதில்லை" என்று வீட்டிலிருந்து போனில் அலுத்துக்கொண்டாள் ஒதிலியா.

பரானா ஆற்றங்கரைப் படகு கிளப்பில் அந்த நேரலைக் கேமராவை மாட்டிய நோர்மாவுக்குத் தலைகுனிவாக இருந்தது. வயரை மாற்றினாள், இணையத்தைச் சோதித்தாள். எதிலும் கோளாறு இல்லை. அடுத்த சனிக்கிழமை படகுக் கொட்டகையில் மறைந்து நின்றாள். வந்து பிளக்கைப் பிடுங்கியவர் ஒதிலியாவின் கணவர்!

"மாட்டிக்கிட்டீங்களா, தோன் எவரிஸ்தோ! யாரு அந்தப் பொண்ணு?"

"பொண்ணாவது மண்ணாவது! போன வருஷம் படகு கவிழ்ந்ததிலேருந்து தண்ணியில கால் வைக்கவே நடுங்குது. கரையில உக்காந்து மாத்தே டீ குடிச்சுட்டு, வீட்டுக்குப் போய் படகுப் பந்தயத்துல ஜெயிச்சேன்னு அளந்து விடறேன். கேமராவுல அவ பார்த்துட்டா என் மானம் போயிடும். சொல்லிடாத தாயி!"

நோர்மா தயங்கித் தயங்கி ஒதிலியாவை அழைத்தாள்.

"செனோரா, சனிக்கிழமையில மட்டும் கேமரா ஓடாது. மன்னிச்சுக்குங்க."

"அவர்தானே பிடுங்குறாரு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நோர்மா.

"கேமரா வந்த முதல் வாரமே பார்த்துட்டேன்மா, கரையில பெஞ்சில உக்காந்திருந்தாரு. அன்னிக்குத்தான் நிம்மதியாச் சாப்பிட்டேன். படம் வரலைன்னா, வீம்புக்குப் படகுல ஏறிட்டாரோன்னு பயமா இருக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் ஓடற மாதிரி பண்ணிக் கொடேன். அவர் ஜெயிச்சேன்னு சொல்லட்டும், நான் கை தட்டிக்கிறேன்."